இரண்டு மணிக் காற்று

மே 11, ஞாயிறு

அண்ணனும் மைனியும் காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் இட்லி மட்டும் போய் வருகிறது. மற்ற வீடுகளில் நகைக்கும் நிலத்துக்கும் சண்டை வரும். எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் கம்பளிப் பந்துக்காக வந்திருக்கிறது.

வடலிமேட்டில் பூப்பந்து ஆட ஒரே ஒரு மைதானம்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அது ஆண்களின் சூறாவளி பூப்பந்துக் கழகத்துக்குச் சொந்தம். அதன் கேப்டன் என் அண்ணன் முத்துக்குட்டி. பெண்களாகிய எங்களுக்கு ஒதுக்கிய நேரம் மத்தியானம் இரண்டு மணி. அந்த நேரத்தில் அங்கே நாய்கூடப் படுக்காது. வெயில் மண்டையைப் பிளக்கும். போதாததற்குக் காற்று. மேற்கே மலை முழுக்கச் சுவராக நின்றுவிட்டு எங்கள் ஊருக்கு நேராக மட்டும் வாசல் விட்டிருக்கிறது. மத்தியானமானால் அந்த வாசல் வழியாக வருகிற காற்று, அடித்த பந்தைப் பறித்துக்கொண்டு போய் அடுத்த தெருவில் போட்டுவிடும்.

எங்கள் கேப்டன் புஷ்பம் மைனி, அண்ணனின் மனைவி. பள்ளிக்கூட நாளில் மாநில அணியில் ஆடியவள். நேற்றுச் சோறு போட்டுக்கொண்டே, "வாரத்துல மூணு நாள் சாயங்காலம் எங்களுக்கு விடுங்க" என்றாள்.

"எங்க டீமை ஜெயிச்சிட்டு வந்து கேளுங்க" என்றான் அண்ணன்.

"ஜெயிச்சா தருவியளா?"

"தருவேன்."

"சாட்சி நீதாம்ட்டி வடிவு" என்று என்னைக் காட்டினாள் மைனி. ஜூன் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று முடிவானது. இன்று காலை அண்ணன் அதை விளையாட்டுக்குச் சொன்னேன் என்று பின்வாங்கப் பார்த்தான். அதனால்தான் இந்த மௌனம்.

எந்தக் காற்றுக்கு எந்த அடி என்று தினமும் எழுதி வைக்க வேண்டியது என் பொறுப்பு. மைனி உத்தரவு. இந்த டைரி அதற்காக மட்டும்தான்.

மே 12, திங்கள்

காற்று: பேய்க்காற்று. என் முந்தானையில் குத்தியிருந்த ஊக்குக் கழன்று, முந்தானை மாரிக்கனியின் முகத்தை மூடி, அவள் மட்டையை மாரிச்செல்வியின் முழங்காலில் வீசினாள். இரண்டு பேரும் இரட்டைப் பிள்ளைகள். அதனால் இரண்டு பேருமே அழுதார்கள்.

கண்டுபிடித்தது: மேற்குக் கோட்டுக்கு வெளியே இரண்டு முழம் தள்ளி அடித்தால் பந்து அந்தரத்தில் யோசித்துவிட்டு உள்ளே திரும்பி வந்து விழுகிறது. நேராக அடித்தால் கிழக்கே வெளியே போய்விடுகிறது. ஆக, வெளியே அடிக்க வேண்டும். இதைக் கேட்டால் எந்தக் கோச்சும் தூக்கில் தொங்குவார்.

லூர்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நைட் டூட்டி முடித்துவிட்டு வந்து ஆடுகிறவள். "இந்தக் காத்து எங்கேருந்துதாம்ட்டி வருது? காலைல இல்ல, சாயங்காலம் இல்ல. நம்ம நேரத்துக்குன்னு கரெக்டா வருதே, அதுக்கு யாரு சொல்லிவிடுதா?"

யாருக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இந்தக் காற்றில்தான் தலை வாரி, வாரியதைக் கலைத்துக்கொண்டு இருக்கிறோம். ஒருத்தியும் கேட்டதில்லை.

மே 14, புதன்

கேட்டுவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் பால் சங்கத்துக்குத் தினமும் அரை லிட்டர் பாலுக்கு ஒருவர் வருவார். கோவில்பட்டிக்காரர். பெயர் கோமதிநாயகம். காற்றாலைக் கம்பெனியில், நாளைக்கு எவ்வளவு காற்று வரும் என்று இன்றைக்கே சொல்கிற வேலை. ஜோசியம் மாதிரி, ஆனால் சம்பளம் உண்டு.

"சார், இந்தக் காத்து எதனால வருது?" என்றேன்.

"வெயிலாலதான்" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்து மீதிச் சில்லறையை ஓசைப்படும்படி வைத்தேன். அவர் போகவில்லை. பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் விரலால் படம் போட்டார். இந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் நம்ம பொட்டல். நடுவில் மலை. ஒரே வெயில்தான் இரண்டின் மேலும் விழுகிறது. பொட்டல் சீக்கிரம் கொதித்துவிடும், கடல் சூடாக நேரம் எடுக்கும். கொதித்த தரைக்கு மேலே இருக்கிற காற்று லேசாகி எழும்பும். அது எழும்பினால் கீழே காலி இடமா இருக்கும்? இருக்காது. மேற்குக் கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று அதைப் பிடிக்க ஓடிவரும். மலை மறிக்கும். எங்கே வாசல் இருக்கிறதோ அங்கே மொத்தக் கூட்டமும் நெருக்கியடித்துக்கொண்டு நுழையும்.

"தியேட்டர்ல படம் விட்டதும் ஒரே கதவைத் திறந்தா எப்படி இருக்கும்? அந்தக் கதவுக்கு நேரா நீங்க குடியிருக்கீங்க" என்றார்.

இரண்டு மணிக்கு ஏன் என்று கேட்டேன். தரை கொதித்து முடிக்க அவ்வளவு நேரம் ஆகுமாம். பொழுது சாய்ந்தால் தரை ஆறும், காற்றும் அடங்கும்.

பின்னால் ஏழு பேர் சொம்போடு நின்றதை நான் கவனிக்கவில்லை.

மே 17, சனி

கோமதிநாயகம் சொன்னதை நான் முழுக்க நம்பவில்லை என்று அவரிடமே சொன்னேன். நம்பியிருந்தேன். ஆனாலும் சொன்னேன். எதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

எங்கள் சங்கத்தில் பால் பாக்கெட், தயிர் எல்லாம் வைக்கக் குளிர் அறை ஒன்று உண்டு. அதன் கதவைக் கொஞ்சம் திறந்தேன். அவர் ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து வாசலில் கீழே பிடித்தார். புகை சர்ரென்று வெளியே ஓடி வந்தது. அதையே தலைக்கு மேலே பிடித்தார். புகை உள்ளே போனது. குளிர்ந்த காற்று கனம், அதனால் கீழே வழிந்து வெளியே வருகிறது. சூடான காற்று லேசு, மேலே ஏறி உள்ளே போகிறது. காற்று என்றால் இவ்வளவுதான். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துவிட்டால் சும்மா இருக்க முடியவில்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுபடி கீழே, மறுபடி மேலே. "இன்னொரு தடவ" என்று நான் சொல்ல, "இன்னொரு தடவ" என்று அவர் சொல்ல, ஒரு பத்தி முழுக்க எரிந்தது.

செக்ரட்டரி சார் வந்தபோது குளிர் அறை குளிர் அறையாக இல்லை.

"வடிவு, இது பால் சங்கமா, பஜனை மடமா?"

இரண்டு டிரே தயிர் புளித்துவிட்டது. அதை நானே விலைக்கு எடுத்துக்கொண்டேன்.

மே 18, ஞாயிறு

மோர்க்குழம்பு.

மே 19, திங்கள்

மோர்க்குழம்பு. அண்ணன் ஏன் என்று கேட்டான். உடம்புக்குக் குளிர்ச்சி என்றேன்.

மே 20, செவ்வாய்

மைனியிடம் எல்லாம் சொன்னேன். காற்று எங்கிருந்து வருகிறது, எப்போது வலுக்கிறது, எப்போது அடங்குகிறது. அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"அப்பம் ஆட்டத்தை மத்தியானத்துல வச்சா?"

அதேதான். ஆண்கள் ஆடுவது காற்று அடங்கிய சாயங்காலத்தில். இரண்டு மணிக் காற்று அவர்களுக்குப் பழக்கமில்லை. எங்களுக்கு வேறு எதுவும் பழக்கமில்லை. நம்மைப் பாலைவனத்தில் தள்ளியதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நாம் அங்கே ஒட்டகமாகிவிட்டோம் என்றேன்.

சாப்பிடும்போது மைனி சோகமாகத் தொடங்கினாள். "சாயங்காலம் ஊரே வந்து வேடிக்க பாக்கும். தோத்தா மானம் போயிரும். மத்தியானம்னா கூட்டம் இருக்காதுல்லா?"

அண்ணன் பெரிய மனசு பண்ணினான். "உங்க இஷ்டம். காத்துல பறந்து போயிராம ஆடுங்க."

மைனி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று அண்ணன் நினைத்தான். அவள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மே 23, வெள்ளி

கோமதிநாயகம் வேலை செய்யும் இடத்தைப் பார்த்தேன். பயிற்சிக்குத் தேவையான தகவல் கிடைக்கும் என்பதால் போனேன்.

பொட்டலில் ஒல்லியாக ஒரு கோபுரம். அதன் உச்சியில் மூன்று கிண்ணங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றுகின்றன. காற்று வேகமானால் அவையும் வேகமாகும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாடிகள். இத்தனை வருஷம் அவற்றைப் பார்த்திருக்கிறேன், மாட்டைப் பார்ப்பது போல. இன்று அவர் சொல்லச் சொல்லத் தலை சுற்றியது. நம் முகத்தில் அறைகிற இந்தக் காற்று அரபிக் கடலில் தண்ணீரை முகந்துகொண்டு கிளம்பியது. மலைக்கு அந்தப் பக்கம் அதை மழையாகக் கொட்டித் தென்னையும் ரப்பரும் வளர்த்துவிட்டு, வெறுங்கையோடு நம்மிடம் வருகிறது. வெறுங்கையோடு வந்தாலும் சும்மா இருக்கிறதா? இந்த இறக்கைகளைச் சுற்றிவிட்டுப் போகிறது. அதில் எடுத்த கரண்டில் எங்கோ ஒரு பட்டணத்து வீட்டில் ஒருத்தி ஃபேன் போட்டுக்கொண்டு, ச்சே காற்றே இல்லை என்று அலுத்துக்கொள்கிறாள்.

"காத்தே இல்லாம போனா?" என்றேன்.

"வெயில் விழற இடமெல்லாம் வெந்துரும். விழாத இடமெல்லாம் உறைஞ்சிரும். மேகம் கடலை விட்டு நகராது, அங்கேயே பெய்யும். சூட்டையும் மழையையும் எல்லாருக்கும் பங்கு வைக்கிறது இதுதான்."

எனக்குச் சத்தம் போட்டுப் பாட வேண்டும் போல இருந்தது. பாடினேன். காற்றில் அவருக்குக் கேட்டிருக்காது.

கேட்டதாம்.

மே 25, ஞாயிறு

பயிற்சி நன்று. பத்துக்கு எட்டுப் பந்து உள்ளே விழுகிறது. மாரிக்கனி கண்ணை மூடிக்கொண்டு அடித்ததும் உள்ளே விழுந்தது.

வீடு திரும்பும்போது மைனி, "அந்த சார்கிட்ட காத்தைப் பத்தித்தான பேசுத?" என்றாள்.

"வேற என்ன பேசுவாவ மைனி?"

"இல்ல, காத்தைப் பத்திக் கேக்கப் போவயில கண்ணுக்கு மை எதுக்குன்னு யோசிச்சேன்."

தூசி விழாமல் இருக்க என்று சொன்னேன். லூர்து நர்ஸாக இருந்துகொண்டு அப்படிச் சிரிப்பது நியாயமில்லை.

மே 28, புதன்

விபரீதம். நடுவர் யார் என்று இரண்டு நாளாகப் பஞ்சாயத்து நடந்தது. உள்ளூர் ஆள் யாரைச் சொன்னாலும் யாருக்காவது மாமனாகவோ மச்சானாகவோ இருந்தார். கடைசியில் அண்ணனே தீர்த்துவைத்தான். "வெளியூர்க்காரரு ஒருத்தரு இருக்காருல்லா, கோமதிநாயகம். காலேஜ்ல பூப்பந்து ஆடுனவராம். ரெண்டு பக்கத்துக்கும் சம்பந்தமில்லாத ஆளு."

மைனிக்குப் புரையேறியது.

அவள் எனக்குத் தனியாகப் போட்ட உத்தரவு: ஆட்டம் முடியும்வரை அவரோடு பேசக் கூடாது. நாம் ஜெயித்தால் நாக்கு மேல் பல்லைப் போட்டு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. எனக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. பால் கவுண்டரில் இன்று மாரிக்கனியின் அம்மாவை நிற்க வைத்துவிட்டு நான் உள்ளே தயிர் டிரேக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை எண்ணினேன். மூன்று விதமாக வந்தது.

பேச்சு நிற்பதற்கு முன்பே அவர் சொல்லியிருந்தார், ஞாயிற்றுக்கிழமை பிரமாதமான காற்று இருக்கும் என்று. அது போதும்.

மே 31, சனி

சாயங்காலத்திலிருந்து கிழக்கே இடி. நல்ல மழை. இந்த மாசத்தில் இங்கே மழையா?

ஜூன் 1, ஞாயிறு

வரிசையாக எழுத முயல்கிறேன்.

இரண்டரை மணிக்கு மைதானத்துக்குப் போனோம். கூட்டம் வராது என்று மைனி சொன்னாள் அல்லவா, ஊரே வந்திருந்தது. வானம் முழுக்கச் சாம்பல் மேகம். தரை ஈரம். காற்று? ஒரு இலை ஆடவில்லை. தூரத்தில் காற்றாடிகள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. வெயில் இல்லை, தரை கொதிக்கவில்லை, கடல் காற்றுக்கு இங்கே என்ன வேலை? காரணம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்ததுதான் எரிச்சல்.

கோமதிநாயகம் மேசை மேல் போட்ட நாற்காலியில் விசிலோடு உட்கார்ந்திருந்தார். நான் முறைத்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

முதல் ஆட்டம் அவமானம். கை பழகிய பழக்கத்தில் மேற்கே இரண்டு முழம் தள்ளி அடிக்கிறோம், பந்து சமர்த்தாகப் போய் அங்கேயே, வெளியே விழுகிறது. திருப்பிக் கொண்டுவர ஆள் இல்லை. "நேரா அடிங்கட்டி" என்று மைனி கத்தினாள். நேராக அடிப்பது எப்படி என்று எங்களுக்கு மறந்துபோயிருந்தது. மைனிக்கும்தான். முப்பத்தைந்துக்குப் பன்னிரண்டு. அண்ணன் வியர்க்கக்கூட இல்லை. வேடிக்கை பார்த்த பெண்கள் தலையில் கைவைத்தார்கள். இதில் தோற்றால் இன்னொரு முறை மைதானம் கேட்க வாயே இருக்காது.

இடைவேளையில் என் கழுத்துப் பின்னால் சுள்ளென்றது. வெயில். மேகம் கிழிந்துகொண்டிருந்தது.

"மைனி, தரை காயணும். காஞ்சா காத்து வரும். அதுவரைக்கும் நேரத்த இழுத்தடிங்க" என்றேன்.

அப்புறம் மைனி செய்ததை எந்த நாடகக் கம்பெனியும் செய்யாது. கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். லூர்துவுக்குக் கால் பிசகியது. லூர்துவே அதைப் பரிசோதித்து, லூர்துவே மருந்து போட்டாள். இரட்டையரில் யார் எந்த இடத்தில் நிற்பது என்று குழம்பி, இரண்டு பேரும் இடம் மாறி, மறுபடி மாறினார்கள். மைனி பந்தை நடுவரிடம் நீட்டினாள்.

"நூல் பிரிஞ்சிருக்கு சார்."

அவர் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆட்டத்தைத் தொடருங்க."

"நல்லாப் பாருங்க சார்."

"தொடரலைன்னா அந்தப் பக்கம் ஒரு பாயின்ட் கொடுப்பேன்."

கொடுத்தும்விட்டார். இந்த மனிதருக்காகவா நான் இரண்டு டிரே தயிர் குடித்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் பார்த்தேன். மேற்கே மலை வாசலில் முதல் காற்றாடி மெல்ல அசைந்தது. பிறகு அதற்கு இந்தப் பக்கம் ஒன்று. பிறகு ஒரு வரிசை. காற்று எங்களை நோக்கி நடந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தது. நான் இதுவரை பார்த்ததிலேயே அழகான காட்சி அதுதான். கடைசியில் என் முந்தானை பட்டென்று எழுந்தது.

"வந்துட்டுட்டி" என்றாள் மைனி.

இரண்டாவது ஆட்டம் எங்களுக்கு. ஆண்கள் நேராக அடித்த பந்தெல்லாம் கிழக்கே கிளம்பிக் கூட்டத்துக்குள் போனது. அண்ணன் ஒரு பந்தைத் துரத்திக்கொண்டு டீக்கடைவரை ஓடினான். மூன்றாவது ஆட்டத்தில் அவர்களும் சுதாரித்துக்கொண்டார்கள். இடம் மாறினோம், ஒட்டிக்கொண்டே போனோம். முப்பத்துநான்கு எங்களுக்கு, முப்பத்துமூன்று அவர்களுக்கு.

பந்து எனக்கு வந்தது. மேற்குக் கோட்டுக்கு வெளியே, வானத்தைப் பார்த்து அடித்தேன். அது வெளியே போனது. நின்றது. திரும்பியது. அண்ணனுக்கு ஒரு அடி தள்ளித் தரையில் விழுந்தது.

உள்ளேயா, வெளியேயா? எல்லோரும் கோட்டைப் பார்த்தோம். கோடு இல்லை. சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடு. அந்த ஓரத்தை ஈரம் காய்ந்ததும் காற்றே வாரிக்கொண்டு போயிருந்தது.

ஊர் முழுக்க நடுவரைப் பார்த்தது. கோமதிநாயகம் எழுந்தார். நாற்காலியிலிருந்து இறங்கினார். விசிலைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"இந்தப் பந்துக்கு நான் தீர்ப்பு சொல்ல முடியாது" என்றார். "என் மனசு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. உள்ளன்னு சொன்னா அதனால சொன்ன மாதிரி ஆயிரும். வெளியன்னு சொன்னா அதை மறைக்கச் சொன்ன மாதிரி ஆயிரும். நான் பார்த்தது எதுன்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?" என்று கூட்டத்தில் யாரோ ஒருவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"வடிவு நிக்கிற பக்கம்."

எனக்குக் காது இரண்டும் அடைத்துவிட்டது. மட்டை கையில் இருந்ததா, கீழே விழுந்ததா, தெரியவில்லை. கோபம், வெட்கம், சந்தோஷம் எல்லாம் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் எங்கள் ஆட்டத்தையும் என்னையும் நடு மைதானத்தில் வைத்துவிட்டார். இனி யார் எங்களுக்குச் சாதகமாகச் சொன்னாலும் செல்லுமா?

மைனிதான் வாயைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்துக் கேட்டாள். "கிட்ட நின்னது நீங்கதான். நீங்களே சொல்லுங்க."

அண்ணன் முகம் சிவந்திருந்தது. வெளியே என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆட்டம் தொடரும், தங்கச்சி பேச்சைக் கிளப்பிய ஆளுக்கும் பதில் சொன்னது போல ஆகும். யாராலும் மறுக்க முடியாது. அவன் அணியில் நான்கு பேரும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார்கள். அவன் தரையைப் பார்த்தான். மைனியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"பந்து உள்ளதான் விழுந்துச்சு" என்றான்.

பெண்கள் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரட்டையர் இரண்டு பேரும் அழுதார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் அண்ணன் கோமதிநாயகத்திடம் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"உம்ம விஷயம் வேற" என்றான். "அதை மைதானத்துல பேசக் கூடாது. உம்ம ஐயா அம்மாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாரும்."

ஜூன் 3, செவ்வாய்

சாயங்காலம் ஐந்து மணி. முதல் நாள், எங்கள் மைதானம். கோட்டைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். குளுகுளுவென்று இருந்தது, வெயில் இல்லை. காற்றும் இல்லை. நாங்கள் அடித்த ஒரு பந்துகூட உள்ளே விழவில்லை. ஆண்கள் மதில் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன்தான் சத்தமாகச் சிரித்தான்.

பிறகு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றான். "ஞாயித்துக்கிழம கோவில்பட்டிலேருந்து வாராவளாம். ஏட்டி, உனக்குச் சம்மதம்தான?"

"சம்மதம் இல்லாமலா அண்ணே கண்ணுக்கு மை போட்டேன்" என்றேன்.

அவன் பதில் சொல்வதற்குள் சர்வீஸ் போட்டுவிட்டேன். அதுவும் வெளியே போனது. எனக்குக் கவலையே இல்லை. நாளைக்குப் பழகிக்கொள்வேன்.